வேலையிலிருந்து வலைப்பதிவுக்கு வருகிறவர்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் 18 ஆண்டுகளாக ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பதும் பரிசோதிப்பதுமாக வேலை பார்ப்பவர். எழுதிப் பழக்கம் இல்லை, ஆனால் சொந்தமாக ஒரு வலைப்பதிவு தொடங்க ஆசை. எழுத்துக்குச் சம்பந்தமில்லாத தொழில்களிலிருந்து வருகிறவர்கள் எதை எழுதுகிறார்கள், வேலையைப் பற்றி எழுதினால் ஆபத்து வருமா, நாலு மாதத்தில் நின்றுபோகாமல் எப்படித் தொடர்வது என்று மூன்று விஷயம் கேட்கிறார்.

நான் 24 ஆண்டுகள் லிஃப்ட் பராமரிப்பு வேலையில் இருந்தவன். அதில் கடைசி 15 ஆண்டுகள் வலைப்பதிவும் எழுதினேன், இன்றும் எழுதுகிறேன். அந்தப் பழக்கத்தில் ஒரு செவிலியர், ஒரு ரயில் ஓட்டுநர், ஒரு தணிக்கையாளர், இரண்டு மூன்று ஆசிரியர்கள் என்று பலர் தங்கள் முதல் பதிவுகளை என்னிடம் படிக்கக் கொடுத்தார்கள். நான் சொல்லப்போவது அங்கிருந்து வருகிறது.

'நான் எழுத்தாளர் இல்லையே' என்ற தயக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வலைப்பதிவு தொடக்கத்திலிருந்தே எழுத்தாளர்களின் இடமாக இருந்ததில்லை. ஜஸ்டின் ஹால் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் 1994இல் தன் வாழ்க்கையை இணையத்தில் எழுதத் தொடங்கினார். 'வெப்லாக்' என்ற சொல் 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கரிடமிருந்து வந்தது. 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை 'வீ பிளாக்' ('நாங்கள் பிளாக் செய்கிறோம்') என்று விளையாட்டாகப் பிரித்து எழுத, 'பிளாக்' நிலைத்துவிட்டது. அதுவரை சொந்தப் பக்கம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் கணினி தெரிந்தவர்கள்தான், வலைப்பக்கங்களை எழுதும் கணினிக் குறிமொழியான ஹெச்டிஎம்எல் தெரியாமல் எதையும் ஏற்ற முடியாது. அதே 1999 ஆகஸ்டில் பிளாகர் வந்ததும், பெட்டியில் தட்டிப் பொத்தானை அழுத்தினால் பதிவு வெளியாகிவிடும் என்ற நிலை ஏற்பட்டது. 2003இல் அதேபோன்ற வேர்ட்பிரஸ் வந்தது. ஆம்புலன்ஸ் ஊழியரும் உணவகப் பரிமாறுபவரும் போலீஸ்காரரும் நீதிபதியும் எழுத வந்தது அந்தச் சில ஆண்டுகளில்தான்.

அவர்களில் சிலரைப் பாருங்கள். டெரெக் லோ மருந்து ஆராய்ச்சியில் இருந்த வேதியியலாளர். 2002 முதல் எழுதுகிறார். தான் தொடவே விரும்பாத வேதிப்பொருள்களைப் பற்றி அவர் தனி வரிசையாக எழுதிய பதிவுகளை வேதியியல் தெரியாதவர்களும் தேடிப் படித்தார்கள். அவற்றில் ஒன்றான குளோரின் டிரைஃபுளோரைடு மணலைக்கூட எரிக்கும் என்பது பாடநூலிலும் இருக்கும். அதைப் படித்துவிட்டு ஓர் அனுபவசாலி ஏன் அறையை விட்டு வெளியேற நினைப்பார் என்பது அவரிடம்தான் கிடைக்கும். லண்டனில் ஆம்புலன்ஸில் வேலை பார்த்த ஒருவர் டாம் ரெனால்ட்ஸ் என்ற புனைபெயரில் தன் ஷிஃப்டுகளைப் பற்றி எழுதினார், 2006இல் அது நூலாகவும் வந்தது. பொருளாதார நோபல் பெற்ற கேரி பெக்கரும், மேல்முறையீட்டு நீதிபதி ரிச்சர்ட் போஸ்னரும் 2004 முதல் 2014இல் பெக்கர் இறக்கும் வரை ஒரே வலைப்பதிவில் ஒரே பொருளை ஆளுக்கொரு பக்கமாக எழுதினார்கள். கணிதத்தில் டிமதி கவர்ஸ் 2009 ஜனவரியில் தன் வலைப்பதிவில் ஒரு கடினமான கணக்கை வைத்து, யார் வேண்டுமானாலும் சேர்ந்து யோசிக்கலாம் என்று அழைத்தார். பள்ளி ஆசிரியர்கள் உட்படப் பலர் பின்னூட்டங்களில் யோசித்தார்கள். சில வாரங்களில் கணக்கு வழிக்கு வந்துவிட்டது.

வேலையிலிருந்து தள்ளி நிற்கவே எழுதுகிறவர்களும் உண்டு. ஜூலி பவல் 2002இல் நியூயார்க்கில் ஓர் அரசு சார்ந்த அலுவலகத்தில் செயலாளராக இருந்தார். ஒரு பெரிய சமையல் நூலின் 524 செய்முறைகளையும் ஒரே ஆண்டில் சமைத்து முடிப்பது என்று வைத்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் எழுதினார். நாளெல்லாம் அலுவலகத்தில் இருந்துவிட்டுக் களைத்து வருகிற ஒருத்தி ராத்திரி அடுப்படியில் நிற்கிறாள் என்பதுதான் அந்தப் பதிவுகளின் உயிர். சமையல் கலைஞர் ஒருவர் அதே நூலை எடுத்துச் செய்திருந்தால் அது வேறு ஏதோவாக ஆகியிருக்கும். ஆகவே வேலையைப் பற்றி எழுதாவிட்டாலும் வேலை உங்கள் பதிவுக்குள் வந்துதான் சேரும்.

சரி, எதை எழுதுவது?

என் முதல் பதிவு லிஃப்டின் வரலாறு. எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைப்பதை இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினேன். யாரும் படிக்கவில்லை, படித்திருந்தாலும் அவர்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. மூன்றாவது பதிவில், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் இன்டர்காமில் பேசும்போது நான் முதலில் என்ன கேட்பேன் என்று எழுதினேன். 'உள்ளே எத்தனை பேர் இருக்கிறீர்கள்' என்று கேட்பேன். காரணம், எண்ண ஆரம்பித்ததும் மூச்சு நிதானத்துக்கு வரும். பக்கத்தில் நிற்பவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள், தான் தனியாக இல்லை என்பது அப்போதுதான் மனதில் ஏறும். தனியாக இருப்பவர் என்றால் பெயரைக் கேட்டுப் பேச்சை விடாமல் வைத்துக்கொள்வேன். அந்தப் பதிவுக்கு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. அடுத்து, காலி லிஃப்டில் பிரேக் விட்டுப்போனால் அது கீழே விழாது, மேலே போகப் பார்க்கும் என்று எழுதினேன். கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்எடை என்பது வெறும் பெட்டியின் எடையோடு அது ஏற்றும் பாரத்தில் கிட்டத்தட்ட பாதியும் சேர்ந்தது, அதனால் காலிப் பெட்டியைவிட எதிர்எடைதான் கனம். என் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வெளியே பெரும்பாலானவர்களுக்கு இது ஆச்சரியம்.

அன்று புரிந்ததை இன்றும் நம்புகிறேன். தொழிலில் உங்களுக்கு ரொம்பச் சாதாரணமாகிப் போனதுதான் படிக்கிறவருக்குப் புதிது. உங்கள் துறையின் பெரிய விஷயங்களை எழுதப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். 18 ஆண்டுகள் ஒரே மேசையில் நின்றதால் உங்கள் கண்ணுக்குப் பழகியதை உங்களைத் தவிர யார் எழுத முடியும்?

உங்கள் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுக்கும் குழாய்களுக்கு ஏன் வேறு வேறு நிறத்தில் மூடி என்று உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் யோசித்திருப்பார்கள், கேட்கக் கூச்சப்பட்டிருப்பார்கள். சர்க்கரைப் பரிசோதனைக்குச் சாம்பல் நிற மூடி, ஏனென்றால் அதில் ஃபுளோரைடு இருக்கிறது. அது இல்லாவிட்டால் குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்துவிடும். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ரத்தம் உறையாது. அதில் ஒரு துளி மற்றக் குழாய்க்குள் போய்விட்டால் பொட்டாசியம் அதிகமாகவும் கால்சியம் குறைவாகவும் காட்டி டாக்டரையே பதறவைக்கும், அதனால்தான் குழாய்களை நிரப்புவதற்கு ஒரு வரிசை. இதெல்லாம் உங்களுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். இதோடு நீங்கள் பார்த்த மனிதர்கள் சேர வேண்டும். ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பவர், ஊசியை மட்டுமே பார்ப்பவர், தன் குழாயை மற்றவர் குழாயோடு ஒப்பிட்டு 'என்னுடையது ஏன் கறுப்பாக இருக்கிறது' என்று கேட்பவர். இப்படி யாரென்று அடையாளம் சொல்ல முடியாத சின்னச் சின்னக் கவனிப்புகள் குறைந்தது நூறு உங்களிடம் இருக்கும்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு தொழிலும் நம்மை அறியாமலே நமக்கு ஓர் எழுத்துநடையைப் பழக்கிவிடுகிறது. எழுதத் தெரியாது என்கிறவர்கள் உண்மையில் பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வேலைக்காக எழுதுகிறார்கள். வலைப்பதிவில் உட்காரும்போது அந்த நடையே கையில் வந்து நிற்கும்.

அந்தச் செவிலியர் கொடுத்த முதல் பதிவு இப்படித் தொடங்கியது: '54 வயது ஆண், மூச்சுத்திணறலுடன் இரவு 2 மணிக்குக் கொண்டுவரப்பட்டார்.' முழுக்க நோயாளிக் குறிப்பு. எல்லாம் சரியாக இருந்தது, எழுதிய செவிலியர் மட்டும் அதில் இல்லை. 'அப்போது நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்?' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை, அதனால் அடுத்த படுக்கைக்குப் போக முடியவில்லை' என்றார். அங்கிருந்து தொடங்கித் திரும்ப எழுதினார். இன்றுவரை நான் படித்த நல்ல பதிவுகளில் அது ஒன்று.

தணிக்கையாளர் நண்பருக்கு நேர் எதிரான சிக்கல். எந்த வாக்கியத்தையும் அவரால் முழுசாகச் சொல்ல முடியாது. 'கிடைத்த தகவல்களின் அடிப்படையில்', 'பொதுவாகக் கூறுமிடத்து' என்று மூன்று பத்தி கடந்த பிறகுதான் விஷயம் வரும். ஆனால் அவரிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு கண் இருந்தது. செலவுக் கணக்கில் எல்லாத் தொகையும் சுழியத்தில் முடிந்தால் அவர் அங்கே நின்றுவிடுவார், உண்மையான செலவு அப்படி வராது என்பார். அந்த ஒன்றை எந்தப் பீடிகையும் இல்லாமல் எழுதச் சொன்னேன். எழுதினார், அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை.

அலுவலகக் கோப்பு எழுதிப் பழகியவர்களுக்குச் 'செய்யப்பட்டது', 'முடிவெடுக்கப்பட்டது' தானாக வரும். யார் செய்தது என்ற கேள்வியை ஒவ்வொரு வாக்கியத்திடமும் கேட்டாலே பாதிப் பதிவு சரியாகிவிடும். பொறியாளர்கள் எதையும் எண் போட்டு அடுக்குவார்கள். ஆசிரியர்கள் ஒவ்வொரு பதிவையும் அறிவுரையில் முடிப்பார்கள், படிக்கிறவரும் மாணவர்தான் என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் புதிதாகக் கற்பவர் எந்த இடத்தில் தடுக்கி விழுவார் என்பது ஆசிரியருக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்கும் தெரியாது, அது பெரிய செல்வம். ரயில் ஓட்டுநருக்கு அவருடைய தொழில்நடையே கைகொடுத்தது. நேரம், இடம், வேகம் என்று குறித்துப் பழகியவர். 'அதிகாலை 3.40, சிக்னல் சிவப்பு, 11 நிமிடம் நின்றேன்' என்று எழுதினால் அந்த இருட்டும் காத்திருப்பும் நமக்கே தெரிந்துவிடும். நான் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்லவில்லை. ஆகவே தொழில்நடையை முழுக்க உதறச் சொல்ல மாட்டேன். எது உங்களை ஒளித்துவைக்கிறதோ அதை விடுங்கள், எது துல்லியம் தருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி ஆபத்து பற்றியது. இதில் நான் மென்மையாகப் பேசப்போவதில்லை, ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. ஹெதர் ஆம்ஸ்ட்ராங் என்ற வலை வடிவமைப்பாளர் தன் அலுவலகத்தைப் பற்றிப் பதிவில் எழுதியதால் 2002இல் வேலை இழந்தார். அவருடைய தளத்தின் பெயரான 'டூஸ்' என்பதிலிருந்தே, இணையத்தில் எழுதி வேலை போவதற்கு ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் பிறந்துவிட்டது. 2007இல் பாஸ்டனில் ஒரு குழந்தைநல மருத்துவர் 'ஃபிளீ' என்ற புனைபெயரில் எழுதிவந்தார். தன் மேல் நடந்துகொண்டிருந்த மருத்துவக் கவனக்குறைவு வழக்கைப் பற்றியே அதில் எழுதினார், எதிர்த்தரப்பு வழக்கறிஞரையும் நடுவர் குழுவையும் விமர்சித்தார். நீதிமன்றத்தில் அந்த வழக்கறிஞர் 'நீங்கள்தானா ஃபிளீ?' என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று, மறுநாளே வழக்கு சமரசத்தில் முடிந்தது. இங்கிலாந்தில் 'நைட்ஜாக்' என்ற பெயரில் எழுதிய துப்பறியும் காவலர் 2009இல் வலைப்பதிவுக்கான ஆர்வெல் பரிசு பெற்றார். சில வாரங்களில் ஒரு நாளிதழ் அவர் யாரென்று கண்டுபிடித்தது. வெளியிடக் கூடாது என்று அவர் உயர்நீதிமன்றம் போனார், வலைப்பதிவு எழுதுவது பொதுவெளிச் செயல் என்று சொல்லி நீதிபதி மறுத்துவிட்டார். அவருடைய மின்னஞ்சலுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தே அடையாளத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது, 2012இல் இழப்பீடும் கிடைத்தது. ஆனால் அதற்குள் அந்த வலைப்பதிவு அழிந்துவிட்டிருந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, புனைபெயரை நம்பி எதையும் எழுதக் கூடாது என்பது. நாளை உங்கள் பெயர் அதன் மேல் அச்சாகி வந்தாலும் தலைநிமிர்ந்து நிற்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு வெளியிடுங்கள். புனைபெயர் கூச்சத்தைப் போக்கும், ஆனால் அதைப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

பிறரை எழுதுவதில் இன்னும் கவனம் வேண்டும். என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோன ஓர் இரவைப் பற்றிப் பெயர் எதுவும் போடாமல்தான் எழுதினேன். காவலாளி தூங்கிவிட்டதால் அழைப்பு எனக்குத் தாமதமாக வந்தது என்று ஒரு வரி போகிறபோக்கில் இருந்தது. எந்த நாள், எத்தனையாவது மாடி என்று குறிப்பிட்டிருந்தேன். அந்தக் கட்டடத்தில் யாரோ படித்துவிட்டார்கள், அந்தக் காவலாளிக்கு ஒரு மாதச் சம்பளம் பிடித்தார்கள். பதிவை நீக்கினேன், நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், பிடித்த பணத்தையும் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரி இல்லாவிட்டாலும் என் பதிவு நின்றிருக்கும் என்பது இன்றும் உறுத்துகிறது.

மருத்துவத் துறையில் இது இன்னும் பல மடங்கு. நோயாளிகளின் தகவல் ரகசியத்தைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா விதிகள் ஒரு நோயாளியை அடையாளம் காட்டக்கூடியவை என்று 18 வகைத் தகவல்களைப் பட்டியலிடுகின்றன. சிகிச்சை பெற்ற தேதியும் 89க்கு மேற்பட்ட வயதும்கூட அதில் அடக்கம். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்தப் பட்டியலை ஒரு முறை படியுங்கள், பெயரை நீக்குவது எவ்வளவு சின்ன வேலை என்று தெரியும். நான் சொல்லும் வழி: ஒருவரைப் பற்றி எழுதத் தோன்றினால் ஓராண்டு தள்ளிப்போடுங்கள், பிறகு அவரே படித்தாலும் தன்னை அடையாளம் காண முடியாதபடி எழுத முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் சம்மதம் கேளுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். விவரங்களை மாற்றியிருந்தால் மாற்றியிருக்கிறேன் என்று பதிவிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் நியமன ஒப்பந்தத்தில் வெளியே எழுதுவது பற்றி என்ன இருக்கிறது என்று தொடங்கும் முன்பே படித்துவிட வேண்டும். மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது பெரும்பாலும் நல்லது. குழாய் மூடியைப் பற்றி எழுத எந்த மேலதிகாரியும் தடை சொல்ல மாட்டார்.

மூன்றாவது, தொடர்வது. முதல் பத்துப் பன்னிரண்டு பதிவுகள் தண்ணீராக ஓடும், அது 18 ஆண்டுச் சேமிப்பு. அப்புறம் ஒருநாள் சொல்ல ஒன்றுமே இல்லை என்று தோன்றும். பெரும்பாலானவர்கள் நிறுத்துவது அந்த இடத்தில்தான். அதுவரை நினைவிலிருந்து எழுதினோம், இனி அன்றன்று பார்ப்பதிலிருந்து எழுத வேண்டும். அதற்குச் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு போதும். நான் ஒவ்வொரு வேலைநாளும் ஒரே ஒரு வரி குறிப்பேன். 'ஏழாவது மாடிக் கதவு மட்டும் மழை நாளில் ஒட்டுகிறது' என்பதுபோல. பத்து வரியில் ஒன்று பதிவாகும். வாரத்துக்கு இரண்டு என்று உறுதி எடுக்காதீர்கள். ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு மாதம் இரண்டே தாராளம்.

எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணிக்கையை முதல் ஓராண்டு பார்க்கவே வேண்டாம் என்பேன். கணக்கில் 40 என்று காட்டினால் மனம் சோர்ந்துவிடும். 40 பேர் ஓர் அறையில் உட்கார்ந்து நீங்கள் பேசுவதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எந்தத் தளம் என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ், பிளாகர் எதுவானாலும் சரி. சொந்தமாக ஒரு டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, வாங்கிவிடுங்கள், எழுதியதற்கெல்லாம் உங்கள் கணினியில் ஒரு பிரதி வைத்திருங்கள். இலவசமாகச் சொந்தப் பக்கம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது எத்தனையோ பேரின் சொந்தப் பக்கங்கள் போயின. பல வலைப்பதிவுகளின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நின்றபோது பல பதிவர்கள் தங்கள் வாசகர்களையே தொலைத்தார்கள், எனக்கும் அது நடந்தது. மின்னஞ்சல் வழியாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு அந்த வசதியை முதல் நாளிலிருந்தே வையுங்கள்.

முதல் பதிவாக 'என்னைப் பற்றி' எழுத வேண்டாம். அந்தச் சாம்பல் மூடிக் குழாயிலிருந்தே தொடங்குங்கள். எழுதி முடித்ததும் உங்கள் துறையில் இல்லாத ஒருவரிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அவர் எங்கே குறுக்கிட்டு 'அது ஏன்?' என்று கேட்கிறாரோ, அந்த இடத்தில் இரண்டு வரி சேர்த்துவிட்டு வெளியிடுங்கள். அவர் இரண்டாவதாகக் கேட்கும் கேள்வியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிவு அதிலிருந்து வரும்.